குசினிக்குள் அழுத மான்குட்டி

என் எழுத்து கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நானும் அதை விட்டுவிட்டேன்). பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலையில் குண்டு விழுந்தபின் எங்கள் ஒழுங்கையில் பாதிச் சனம் ஊரைவிட்டுப் போய்விட்டது. துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றும் வேலை என்பதால் நான் தனியே நின்றேன். ஆளில்லாத வளவுகளுக்குள் மான்கள் குடிவந்தன. என் வேப்பமரத்தின் கீழும் ஒரு பெண்மான், குட்டியோடு. வேலைக்குப் போகும்போது அவற்றுக்கு வழிவிட்டு நான்தான் வேலியோரமாய் ஒதுங்கிப் போவேன்.

ஒருநாள் நிலாவெளியிலிருந்து பெண்வீட்டார் என்னை மாப்பிள்ளை பார்க்க வர இருந்தார்கள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் "பொடியன் வாயே திறக்கிறான் இல்லை" என்று போய்விட்டார்கள். இவர்களும் போனால் காலம் முழுக்க மான்தான் துணை.

அன்று பார்த்து அபாயச் சங்கு ஊதியது. மான்கள் வேலி பாய்ந்து ஓடின. குட்டி மட்டும் புல்லுக்குள் அசையாமல் கிடந்தது. சங்கு ஓய்ந்தும் தாயைக் காணவில்லை. கைவிட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டி, குட்டியைத் தூக்கிக் குசினிக்குள், அடுப்படியில், விட்டுக் கதவைச் சாத்தினேன். தேத்தண்ணிக்கு வைத்திருந்த பாலையும் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். (குடிக்கவில்லை. மிதித்துக் கவிழ்த்தது.)

பெண்ணின் தாயும் தாய்மாமனும் வந்து கதிரையில் இருந்தார்கள். கதை தொடங்கவில்லை, குசினிக்குள் ஓர் அழுகை.

மாமனின் முகம் மாறியது. "தம்பி, உள்ளுக்க குழந்தை அழுகுது?"

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"ஆருடைய பிள்ளை? சொல்லும்!" அவர் எழும்பிவிட்டார். "அக்கா, வாங்கோ போவம். இவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்குது."

அக்கா போகவில்லை. நேரே போய்க் குசினிக் கதவைத் திறந்தார். குட்டி பாலில் சறுக்கி வந்து என்னோடு மோதி, புது வேட்டியை நனைத்தது. (பாலால் அல்ல.)

"தாய் ஒளிச்சு வைச்ச குட்டியை ஏன் தம்பி தூக்கினீங்கள்? அது தேடி வரும்."

குட்டியைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு, மூன்று பேரும் யன்னலுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றோம், மாமனும்தான். என் கை பட்டதால் தாய் சேர்க்காதோ என்று பயந்தேன். கனநேரத்தின் பின் வேலிக்கு மேலால் இரண்டு காது தெரிந்தது. தாய் வந்து குட்டியை மணந்து பார்த்தது. தும்மியது. மறுபடியும் மணந்தது. பிறகு நக்கத் தொடங்கியது.

"இவருக்குப் பேச ஏலாது. ஆனா பிள்ளை அழுதால் பால் வைப்பார்," என்றார் பெண்ணின் தாய் (அன்றிலிருந்து என் மாமி). "எனக்கு அது காணும், போதும்."

மூத்தவள் பிறந்தபிறகு நான் தொட்டிலடிக்குப் போனாலே மாமி ஓடிவருவார். "தாய் கிணத்தடியிலதான் நிக்கிறா. தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குள்ள பூட்டிப்போடாதேங்கோ!"

மாமி இப்போது இல்லை. இன்று காலை மூத்தவளின் குழந்தை அழுதது, தூக்கக் கை நீட்டினேன். மாமியின் அந்தச் சொல்லையே வீடு முழுக்க ஒரே குரலில் சொன்னது.

எழுதி முடித்தது: சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள்.