அனுமதியில்லாத துளிர்

உலகக் கலை வரலாற்றின் பொற்காலம் அந்த அலுவலகத்தில், லிஃப்ட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவிலிருந்த நடைபாதையில்தான் தொடங்கியது.

கிளை மேலாளர் ஒரு கலைஞரை வரவழைத்தார். கலைஞர், ஊழியர்களின் மேசைகளிலிருந்த செடிகளையெல்லாம் 'கையகப்படுத்தி', இலைகளுக்குத் தங்க வார்னிஷ் பூசி, கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். படைப்பின் பெயர் 'நித்தியத் துளிர்ப்பு'.

கணக்குப் பிரிவு அக்காவின் மணிபிளான்ட்டும் அதில் தொங்கியது. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் அவள் கணவர் வளர்த்த கொடி. மனிதர் போய்விட்டார், கொடி மட்டும் அவளோடு திரும்பி வந்தது.

"தம்பி, இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கலைஞரைக் கேட்டாள்.

"தண்ணி ஊத்தினா அது தோட்டம் மேடம். ஊத்தலைன்னாதான் கலை."

இத்தனை தெளிவான விளக்கத்துக்குப் பிறகு யாரால் வாய் திறக்க முடியும்?

இலைகள் உதிரத் தொடங்கின. ஒவ்வொன்று விழும்போதும் கலைஞர் "சுழற்சி!" என்று பரவசப்பட்டார். மேலாளர் கை தட்டினார். சம்பள உயர்வை எதிர்பார்த்திருந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அக்கா மட்டும் குனிந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினாள்.

ஒரு பகல், எல்லோரும் திரை போட்ட ஏசி அறையில் 'இயற்கையோடு இணைவோம்' கூட்டத்தில் இருந்தார்கள். அக்கா ஸ்டூலில் ஏறினாள். வார்னிஷ் படாத ஒரு கணுவைக் கத்தரித்து, டம்ளர் தண்ணீரில் போட்டாள். சில வாரங்களில் அது வேர்விட்டு, வெட்கமில்லாமல் ஓர் இலையும் விட்டது. மறுநாளே விசாரணை.

"கிளையை வெட்டினது யாரு?" என்றார் கிளை மேலாளர்.

"நான்தான் சார். என் செடி சார்."

"செடியா இருந்தப்போ உங்களோடது. இப்போ அது படைப்பு."

"விட்டிருந்தா செத்துப்போயிருக்கும் சார்."

கலைஞரின் மனம் புண்பட்டது. "சாகறதுதான் மேடம் முதல் பாகம்!"

"அப்போ ரெண்டாவது பாகம்?"

"துளிர்க்கிறது. அதுக்குத் தங்கக் கலர்ல பிளாஸ்டிக் இலை ஆர்டர் போட்டிருக்கோம். வந்துட்டிருக்கு."

அக்கா டம்ளரை மேசைமேல் வைத்தாள். "இதோ, துளிர்த்திருக்கே."

மூவரும் அந்தப் புது இலையைப் பார்த்தார்கள். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"அனுமதி வாங்கினீங்களா?"

வாங்கவில்லை. எனவே 'முன்னனுமதியின்றித் துளிர்க்கவிட்ட' குற்றத்துக்காக அவள் வேறு கிளைக்கு மாற்றப்பட்டாள். டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

பிளாஸ்டிக் இலைகள் வந்து சேர்ந்ததும் திறப்பு விழா. "எங்க கிளையில ஒரு உயிரையும் நாங்க வாடவிட்டதில்லை" என்று மேலாளர் தழுதழுத்தார். அவையே எழுந்து நின்று கைதட்டியது. அந்த நடைபாதையில் இன்றுவரை பச்சையாக இருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.