பயணி என்பவர் எங்கே உண்கிறார்?

பசி ருசி அறியாது, தூக்கம் பாய் அறியாது என்று மெஸ்காரரின் மாமனார் அடிக்கடி சொல்வார். அதோடு நிறுத்த மாட்டார். மூன்றாவதாக ஏதோ ஒன்று வேறு ஏதோ ஒன்றை அறியாது என்றும் சொல்வார். எது எதை அறியாது என்பதுதான் மெஸ்காரருக்கு மறந்துபோயிற்று. கேட்டுக்கொள்ளலாம் என்றால், மாமனார் மெஸ்ஸையும் மகளையும் மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு, எந்தத் துறையின் முன் அனுமதியும் பெறாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மெஸ் துறைமுக வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. நாலு பெஞ்சு, புகை ஏறிக் கறுத்த சுவர், சுடச்சுடச் சோறு, வறுத்த மீன், குடிக்கத் தண்ணீர். வேறு சிறப்பு எதுவும் இல்லை. கட்டடம் மட்டும் துறைமுகத்துக்குச் சொந்தம். வருஷா வருஷம் குத்தகையைப் புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் அந்த அதிகாரம் புதிதாகப் பிறந்த 'பயணியர் கரையுணவு ஊக்குவிப்புப் பிரிவு' கைக்குப் போயிருந்தது.

அந்தப் பிரிவு பிறந்த காரணம் மிகவும் நியாயமானது. சொகுசுக் கப்பல்கள் வர ஆரம்பித்திருந்தன. பயணிகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள், நடந்தார்கள், தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பாட்டு வேளைக்குச் சரியாகக் கப்பலேறிவிட்டார்கள். இது துறைமுக வாசல் நாய்க்குக்கூடத் தெரியும். கப்பல் வருகிற அன்று அது பயணிகள் பின்னால் போவதில்லை. ஆனால் நாய் அறிந்தது கோப்பில் ஏறாது அல்லவா? ஆகவே, பயணி என்பவர் கரையில் உண்கிறாரா, கப்பலில் உண்கிறாரா என்பதைப் பாரபட்சமின்றி ஆராய்ந்து, கரையில்தான் உண்கிறார் என்று கண்டறிவதற்காக அந்தப் பிரிவு நிறுவப்பட்டது.

ஒரு நாள் மத்தியானம் பிரிவின் அலுவலரே நேரில் வந்தார். அவர் வீட்டிலும் கோப்பு நடையில்தான் பேசுவார் என்று ஊரில் பேச்சு.

"இம்மாதம் தங்கள் உணவகத்தில் உண்ட பயணியர் எவ்வளவு பேர்?"

"யாரும் இல்ல சார்."

"ஒருவர்கூடவா?"

"ஒருத்தர் வந்தார். கழிவறை எங்கேன்னு கேட்டார்."

"கேட்டுவிட்டு உண்டாரா?"

"கேட்டுட்டு ஓடினார் சார்."

அலுவலர் கண்ணை மூடிச் சற்று வருந்தினார். "ஏன் உண்பதில்லை என்று நினைக்கிறீர்கள்?"

"கப்பல் டிக்கெட்டுலயே சாப்பாடும் சேர்த்தி சார். அங்க இலவசமா வாய்க்குள்ள வந்து விழும்போது இங்க வந்து ஏன் காசு கொடுக்கணும்?"

"அது காரணம் ஆகாது."

"ஏன் சார்?"

"அதை நம்மால் சரிசெய்ய முடியாது. நம்மால் சரிசெய்ய முடிந்தது மட்டுமே காரணமாக இருக்க முடியும்."

இதுதான் அந்த மூன்றாவதோ என்று மெஸ்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. இல்லை, மாமனார் இவ்வளவு நீளமாகப் பேசமாட்டார்.

அப்போதுதான் அலுவலரின் பார்வை கடைசி பெஞ்சில் விழுந்தது. அங்கே சிலர் வெள்ளை ஏப்ரன்களைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, உலகத்தையே மறந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறகு அவர்கள் யார்?"

"அவங்க கப்பல் சமையல்காரங்க சார். கப்பல் வர்ற அன்னிக்கெல்லாம் நம்மகிட்டதான் சாப்பாடு."

அவர்களில் மூத்தவருக்குப் 'பெரிய கரண்டி' என்று பெயர். அலுவலர் அவரிடம் போனார். "கப்பலில் உணவு இல்லையா?"

"நாப்பது வகை இருக்கு சார்."

"பிறகு இங்கு ஏன் வந்தீர்கள்?"

"அந்த நாப்பதையும் செய்யறது நாங்கதானே சார். எங்களுக்குத் தெரியாதா?"

இந்தப் பதிலில் ஒரு பெரிய உண்மை இருந்தது. அலுவலர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து வாசலுக்கு வந்தார். வந்து தம் முடிவை அறிவித்தார். முதலாவது, பயணிகள் அமர வேண்டிய இருக்கைகளில் பயணிகள் அல்லாதோர் அமர்ந்திருப்பதே பயணிகள் அமராததற்கு முதன்மைக் காரணம். எனவே கப்பல் ஊழியர்களை இனி உள்ளே விடக் கூடாது. இரண்டாவது, பயணிகள் கப்பலில் உண்ணக் காரணம் அது கப்பலாக இருப்பது. எனவே மெஸ்ஸும் கப்பலாக வேண்டும். தவறினால் குத்தகை புதுப்பிக்கப்படாது.

மெஸ்காரர் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"கப்பல்லேர்ந்து இறங்கி நம்ம சோத்தைத் தேடி வர்றது அந்தச் சமையல்காரங்க மட்டும்தான். அவங்களையும் துரத்தணுமாமா?"

"அவங்க போனாத்தான் பயணி வருவானாம்."

"மாப்பிள்ளை வருவான்னு புருஷனைத் துரத்தின கதையால்ல இருக்கு!"

"துரத்தலேன்னா இடம் போயிடும்டி."

அவள் சுவரைப் பார்த்தாள். அப்பா காலத்துப் புகை. "இடம் போனா நாம தெருவுலதான்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை மறுபடி எடுத்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்பது அதற்கு அர்த்தம்.

மச்சினனுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். அவன் விருந்தோம்பல் பற்றி ஏதோ படித்துவிட்டு, படித்ததற்கு ஏற்ற வேலை கிடைக்காமல், அக்கா வீட்டில் விருந்தாளியாக இருந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்பல்லாம் யாரும் சாப்பிடறதுக்குக் கடைக்குப் போறதில்ல. அனுபவத்துக்குத்தான் போறாங்க."

"அனுபவம் வயித்தை நிரப்புமா?"

"நிரப்பாது. அதனாலதான் திரும்பத் திரும்ப வருவாங்க."

அதன்பின் காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஜன்னலை அடைத்து வட்டமாக ஓட்டை போட்டார்கள். சுவரில் மிதவை வளையங்கள் தொங்கின. மெஸ்காரர் தலையில் மாலுமித் தலைவரின் தொப்பி ஏறியது. எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், அலுவலர் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, "இது அசையவில்லையே" என்றார். உடனே பழைய லாரி ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து, மேலே பலகை அடித்து, யார் நடந்தாலும் கடை முழுவதும் ஆடும்படி ஏற்பாடு செய்தான் மச்சினன். பரிமாறுகிறவர் ஒரு மேஜைக்குக் கொண்டுபோகும் சூப் அடுத்த மேஜையில் இருப்பவர் மடியில் போய்ச் சேர்ந்தது.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே பழைய பெஞ்சுகளும் பெயர்ப்பலகையும் தெருவில் கிடந்தன. அந்தப் பக்கமாக வந்த பெரிய கரண்டி அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இதெல்லாம் வேண்டாம்னா நாங்க எடுத்துக்கவா?"

"எடுத்துக்குங்க. கப்பல்ல எதுக்கு இது?"

"எங்க மேலிடத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பயணிங்க ஏன் கரையில இறங்கறாங்கன்னு. கரை அனுபவம் வேணுமாம் அவங்களுக்கு. அதனால மேல்தளத்துல ஒரு அழுக்கு மெஸ் கட்டுறாங்க."

"அழுக்கா?"

"ஆமாண்ணே. ஆனா கப்பல்ல எல்லாத்தையும் கழுவிக்கழுவி அழுக்கே கிடைக்க மாட்டேங்குது. உங்க சுவத்துக் கரியைக் கொஞ்சம் சுரண்டிக்கவா?"

மெஸ்காரர் வெள்ளையடிக்கப்போகிற சுவரைக் காட்டினார். பெரிய கரண்டியும் ஆட்களும் மாமனார் காலத்துப் புகையைப் பயபக்தியோடு சுரண்டி, டப்பாக்களில் அடைத்து எடுத்துப்போனார்கள்.

அடுத்த கப்பல் வந்தது. வயதான ஒரு பயணி வட்ட ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற மனைவியிடம், "இதான் நம்ம ரூம்லயே இருக்கே" என்றார். "இதைப் பார்க்கவா இவ்வளவு படி இறங்க வச்சீங்க?" என்று அந்த அம்மாள் திரும்பி நடந்தாள். அவர்தான் அன்று வந்ததிலேயே அதிக நேரம் நின்ற பயணி.

ஆனால் ஊர்க்காரர்கள் வந்தார்கள்! அதுவரை மெஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் குடும்பத்தோடு, குழந்தைகளுக்குத் தொப்பி போட்டு வந்தார்கள். ஊரைவிட்டு ஓரடி நகராமல் கப்பலில் சாப்பிட்டு வருவது கௌரவமாகிவிட்டது. குமட்டல் வந்தவர்கள் குமட்டல் வராதவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா? எனக்கு அப்படியே நடுக்கடல்ல இருந்த மாதிரி இருந்துச்சு" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். சோறு எப்படி இருந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அலுவலரும் வந்து ஆடும் மேஜையில் உட்கார்ந்தார். அவர் முகம் மெல்லப் பச்சையானது. "மிகவும் தத்ரூபம்" என்று எழுந்தவர், மீதிப் பாராட்டை வாசல் சாக்கடையிடம் தெரிவித்துவிட்டு வந்தார்.

"கூட்டம் நிரம்பி வழிகிறதே! பயணியர்தாமே?"

"இல்ல சார். எல்லாம் நம்ம தெருக்காரங்க."

"அப்படியானால் குத்தகை விஷயம் சிக்கல்தான்" என்றார் அலுவலர், வாயைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு மெஸ்காரருக்குத் தூக்கமில்லை. பாய் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அவரைக் காப்பாற்றியது பெரிய கரண்டியின் அழுக்கு மெஸ். கூட்டாய்வு என்று கப்பல்காரர்கள் அலுவலரைக் கப்பலுக்கு அழைத்துப்போய் மேல்தளத்தில் விருந்து வைத்தார்கள். திரும்பி வந்தவர் நேராக மெஸ்ஸுக்கு வந்து மெஸ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நிரூபணமாகிவிட்டது! பயணியர் கரையில்தான் உண்கிறார்கள். வரிசையில் நின்று, கூடுதல் கட்டணம் செலுத்தி உண்கிறார்கள்."

"எங்க சார்?"

"கப்பலில்."

மெஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அலுவலர் பொறுமையாக விளக்கினார். "அங்குள்ள பெஞ்சு யாருடையது?"

"என்னோடது சார்."

"சுவரில் உள்ள கரி?"

"எங்க மாமனாரோடது."

"கரையின் பெஞ்சில் அமர்ந்து, கரையின் கரியில் முதுகு சாய்த்து உண்பவர் கரையில் உண்பவரே. கப்பல் எங்கே மிதக்கிறது என்பது நம் பிரிவின் வரம்புக்குள் வராது."

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு கப்பலுக்கும் அலுவலர் கண்காணிப்புக்காகப் போய்க் கண்காணித்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். "சாப்பாடு கப்பல்லயா சார்?" என்று யாராவது கேட்டால், "கரையில்" என்று கண்டிப்பாகத் திருத்துவார்.

இதற்கிடையில் கொல்லைப்புறத்தில் ஒரு காரியம் நடந்துவந்தது. அடுப்படிக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிக் கொஞ்சம் மண் தரை. நாலு பக்கமும் சுவர், சந்துப் பக்கம் ஒரு கதவு. மெஸ்காரரின் மனைவி அங்கே மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டாள். சமையல்காரர்கள் சந்து வழியாக வந்து, ஏப்ரன்களைக் கொடியில் போட்டுவிட்டு, பழையபடி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பலகை கிடையாது, பெயர் கிடையாது. மெஸ்காரரும் அங்கேதான் சாப்பிட்டார். தட்டு வைத்த இடத்திலேயே இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கப்பல் நாளில் சந்துக் கதவைத் திறந்துகொண்டு அலுவலரே வந்து நின்றார். நாற்பது வகையைத் தொடர்ந்து கண்காணித்ததில் அவர் வயிறு ராஜினாமா செய்திருந்தது. மெஸ்காரரின் மனைவி ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள். அலுவலர் பெரிய கரண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சோறும் மீனும் தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டபோது, அவர் வாயிலிருந்து முதல்முறையாக மனிதப் பேச்சு வந்தது.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

மெஸ்காரருக்கு மனம் இளகியது. மனைவி காதில் கிசுகிசுத்தார். "பசி ருசி அறியாது, தூக்கம் பாய் அறியாது... உங்கப்பா மூணாவதா என்ன சொல்வார்?"

"மூணாவதா? ரெண்டு சொல்லிட்டு இருமுவார். அவ்வளவுதான்."

வயிறு நிறைந்ததும் அலுவலருக்குப் பழைய பேச்சு திரும்பிவிட்டது. அவர் சுவர்களையும் மண் தரையையும் கண் கலங்கப் பார்த்தார்.

"இத்தகைய அரிய இடம் மேம்படுத்தப்படாமல் கிடப்பது வேதனைக்குரியது."

"வேண்டாம் சார்" என்றார் மெஸ்காரர் அவசரமாக. "இங்க பயணி யாரும் வர்றதில்ல."

"ஒரே ஒரு பயணி வரட்டும். ஒருவர் உண்டால் போதும், மறுநாளே ஆணை பிறப்பித்துவிடுவேன்."

"ஸ்பிரிங் இன்னும் மிச்சம் இருக்கு சார்" என்று உள்ளிருந்து மச்சினன் குரல் கொடுத்தான்.

சந்துக் கதவு கிறீச்சிட்டது.

கழுத்தில் கேமராவும் தலையில் அகலத் தொப்பியுமாக ஒரு நடுத்தர வயது அம்மாள் நின்றிருந்தாள். பயணிகளுக்குக் கொடுக்கும் கப்பல் அட்டை மார்பில் ஊசலாடியது.

"மன்னிக்கணும்" என்றாள் அவள். "சமையல்காரங்க எல்லாரும் இந்தச் சந்துக்குள்ள நுழையறதைப் பார்த்தேன். சமைக்கிறவங்க எங்க போய்ச் சாப்பிடறாங்களோ அதானே நல்ல இடம், அதான் பின்னாலயே வந்துட்டேன். கப்பல்ல அந்த அழுக்கு மெஸ்ல சாப்பிட்டுப் பார்த்தேன், கரி ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. பசிக்குதுங்க. இடம் இருக்குமா?"

பெரிய கரண்டி கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். அலுவலர் சுவரிலிருந்து மெல்லப் பார்வையைத் திருப்பினார்.

"இந்த அம்மையார் யார்?"

மெஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்திருந்தாள். அவர் கொடியிலிருந்து ஒரு ஏப்ரனை உருவி, அந்த அம்மாளின் கப்பல் அட்டை மறையும்படி அவள் கையில் கொடுத்தார்.

"கப்பலுக்குப் புதுசா வந்த சமையல்காரங்க சார்" என்றார்.