யோகராசாவின் தோணிக்கு ஓட்டுக்கூரை

சுனாமி வந்துபோன மூன்றாம் மாதம். வாழைச்சேனையில் கூடாரத்துக்குள் கிடந்த சனத்துக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது ஓர் இயற்கை வரலாற்று நூதனசாலையே என்று மேலிடம் தீர்மானித்தது. கட்டிடம் மளமளவென்று எழும்பிவிட்டது. உள்ளே காட்சிக்கு வைக்கத்தான் ஒன்றுமில்லை.

பொருள் சேர்க்கப் பணிப்பாளர் வினாயகமூர்த்தி வந்திறங்கினார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் எப்படிச் சேர்த்தார்களோ அப்படியே அவரும் தொப்பி, முழங்கால் சப்பாத்து, வண்ணத்துப்பூச்சி வலை சகிதம் புறப்பட்டார். அகப்பட்ட மீனெல்லாம் சாராயப் போத்தலுக்குள் போனது. அலை தூக்கிப் பற்றைக்குள் எறிந்திருந்த, ஆற்று மீனவன் யோகராசாவின் தோணி லொறியில் போனது.

தோணி இல்லாமல் ஆற்றில் இறங்குவது எப்படி, அடுப்பு எரிவது எப்படி? யோகராசா மனைவி தங்கேசையும் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்கு ஓடினான்.

“ஐயா, அது என்ட தோணி!”

“உம்முடையதாக இருந்தது. கடல் தூக்கித் தரையில் வைத்தபடியால் இப்போது அது இயற்கைப் பொருள்” என்றார் பணிப்பாளர்.

“அப்ப கடலே வந்து திருப்பிக் கேக்கணுமா?”

“உரிய வழியில் கேட்டால் பரிசீலிக்கப்படும்.”

தங்கேஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். தோணிக்கு மேலே ஓட்டுக்கூரை! பக்கத்தில் மின்விசிறி! பாடம் பண்ணின முதலைக்குப் பெயர்ச்சீட்டும் தனியறையும்! இவர்களுடைய கூடாரமோ நேற்றும் ஒழுகியது.

“இஞ்சேருங்க, ஏறிப் படுங்க” என்று புருசனைத் தோணிக்குள் தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள்.

“இறங்குங்கள்! காட்சிப்பொருள் தவிர எவரும் இங்கே தங்க முடியாது!”

“அப்ப எங்களுக்கும் ஒரு சீட்டை ஒட்டுங்க.”

பணிப்பாளர் யோசித்தார். மறுநாள் திறப்புவிழா, மந்திரி வருகிறார். போத்தலில் மீன் இருக்கிறது, சாராயத்தைக் காவலாளி முடித்துவிட்டான். நாற்றம் தாங்கவில்லை. தவிர, இவர்களையும் கடல்தானே தரையில் கொண்டுவந்து போட்டது? ஒட்டினார்: ‘ஆற்று மீனவர், சோடி. அரிய இனம். தொடாதீர்.’

விடிந்தால் ஊரே வாசலில் வரிசை. பக்கத்து ஊர் ஓட்டமாவடி முகைதீன்பாவாவும் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து, “சேர், வியாபாரி இனம் இன்னும் வைக்கல்லதானே?” என்றார். எல்லாருக்கும் சீட்டு விழுந்தது.

மந்திரி வந்தார். “எங்கே சனம்?”

“பாதுகாக்கப்பட்டுவிட்டார்கள், சேர்.”

மந்திரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த ஊர்க் கூடாரங்கள் காலி! எல்லார் தலைக்கு மேலும் கூரை! ஆகவே வீட்டுத்திட்டத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டேன்!”

நூதனசாலை அதிரக் கைதட்டல். யோகராசாவின் கையும் தன்பாட்டில் தட்டியது. தங்கேஸ் எட்டிப் பிடித்தாள்.

“தோணியும் போய், வீடும் போச்சு. எதுக்குக் கைதட்டுறீங்க?”

பணிப்பாளர் குனிந்து அந்தச் சோடியின் சீட்டில் மேலும் ஒரு வரி எழுதினார்: ‘பழக்கம்: எதற்கும் கைதட்டும்.’