சாளைக்கறி மேல் விழுந்த பழி

கருத்தரங்க அறை வாசலில் கிடந்த பெஞ்சில் ஜெஸ்பின் சுருண்டு கிடந்தாள். அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்து அவள்தான் மேடையேறி தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். போன தடவையும் இதே வலியில் விடுதி அறையிலேயே கிடந்துவிட்டாள். இந்த முறையும் தவறினால் எம்.ஏ. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

"சாரிட்ட உள்ளதச் சொல்லிரு ஏட்டி," என்றாள் தோழி சஜ்னா.

"அவருட்ட எப்படிட்டி இதச் சொல்ல?"

அதற்குள் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜெபதாஸ் சாரே வந்து நின்று, என்ன செய்யுது மக்கா என்று கேட்டார். ஜெஸ்பின் தரையைப் பார்த்தாள்.

"வயிறு சரியில்ல சார். ராத்திரி தின்ன சாளைக்கறி ஒத்துக்கல."

மீன் என்றதும் சாருக்கு ஏனோ பெரிய நிம்மதி. உடனே விடுதி வார்டனுக்குப் போன் போட்டு, மெஸ்ஸில் கெட்ட மீனா போடுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்கள். சமையல்கார முத்துக்கனி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"நேத்து நான் மீனே வைக்கலியே மக்கா."

ஜெஸ்பினுக்கு முகம் எரிந்தது. வேறு வழியில்லாமல், அது ஊரில், புதுக்கடையில் இருக்கிற வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட கறி என்றாள். சார் நம்பர் வாங்கி அம்மாவை அழைத்தார். மகளுக்கு வயிற்றுவலி என்றதுமே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, மாசாமாசம் பார்க்கிறவள்தானே. ஆனால் ஆம்பிள வாத்தியாரிடம் அதைச் சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை. சாளைக்கறியா காரணம் என்று சார் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா சார். மீன் கொஞ்சம் பழசாக்கும்."

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று சார் விசாரித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, பதற்றத்தில், எல்லாருக்கும்தான் என்றுவிட்டாள்.

சார் அரண்டுபோனார். குடும்பமே கெட்ட மீனைத் தின்றிருக்கிறது. கல்லூரிக்கு ஒரு ஆம்புலன்ஸ், புதுக்கடைக்கு ஒரு ஆம்புலன்ஸ் என்று ஏற்பாடு செய்யத் தொடங்கினார். வராந்தாவில் கூட்டம் கூடியது. பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். திட்டு வாங்கிய முத்துக்கனி அக்காவோ வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் முதுகைத் தடவிவிட்டாள். ஜெஸ்பினால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இப்போது ஒன்றுமில்லை சார், ஆம்புலன்ஸ் வேண்டாம், நான் பேசிவிடுகிறேன் என்றாள். வலி துளியும் குறையவில்லை. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சஜ்னா அவளுடைய துப்பட்டாவைப் பின்பக்கமாக இழுத்துச் சரிசெய்து அனுப்பினாள்.

மேடையில் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் சார் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் பாட்டிலோடு, எந்நேரமும் ஓடிவரத் தயாராக உட்கார்ந்திருந்தார். புரொஜெக்டரைப் போட்டுவிட்ட உதவியாளர் ஆபேல், திரையில் வந்த தலைப்பை எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாக வாசித்தார்.

"மாதவிடாய் வலியால் மாணவிகளின் படிப்பு கெடுவதும், அதை வெளியே சொல்ல அவர்கள் கூசுவதும்: ஓர் ஆய்வு. ஆய்வாளர் ஜெஸ்பின், வழிகாட்டி முனைவர் ஜெபதாஸ்."