காலி வாளி குறுக்கே வந்தால்

"இறங்கு, இறங்கு! காலி வாளி குறுக்கே வந்துடுச்சு!" என்று சாகின்பெக் கார் எஞ்சினை அணைத்தான்.

அவன் மனைவி பூருலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரின் கூரையில் தொட்டில் கட்டியாயிற்று. கணவாய்க்கு அந்தப் பக்கம், மகள் வீட்டில், இன்று பேரனை முதன்முதலாகத் தொட்டிலில் போடுகிறார்கள். தொட்டில் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் சம்பந்தியம்மா ஓர் ஓசித் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"ஏ மனுஷா, அது நம்ம பக்கத்து வீட்டுக் கலிப்பா! தண்ணி பிடிக்கப் போறா!"

"போற காரியம் விளங்காது. மலைப்பாதை வேற."

அருமையான பெண்குதிரையை விற்று இந்தப் பழைய காரை வாங்கியபோதே பூருல் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "இதுல ஒரு குறை வந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்று அவன் ஊரறியச் சபதம் போட்டான். மறுநாளே கார் வைக்கோல் போரில் போய் நின்றது. கேட்டதற்கு, "நான்தான் நிறுத்தினேன்" என்றான்.

பூருல் ஓடிப்போய்க் கலிப்பாவின் வாளியைத் தானே நிரப்பிக் கொடுத்து எதிரே நடக்க வைத்தாள்.

"இப்போ நிறைவாளி. கிளப்பு!"

"எதுக்கும் திருஷ்டிக்குப் புகை போட்டுடலாம்" என்றவன், தெருக்கோடியை எட்டிப் பார்த்துவிட்டு, தேவதாருக் கொத்தைக் கொளுத்திக் காரைச் சுற்றினான். உள்ளேயும் நீட்டினான். பொறி விழுந்து சீட் புகைந்தது. பூருல் பதறி, கலிப்பாவின் வாளியைப் பிடுங்கி அப்படியே கவிழ்த்தாள்.

"போச்சு! மறுபடி காலி வாளி! அதுவும் உன் கையில!"

அழுகையும் ஆத்திரமுமாக அவள் ஊர் முல்லாவை இழுத்து வந்தாள்.

முல்லா பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, பயத்துல ரெண்டு சாதி. பள்ளத்தைக் கண்டு பயந்தா அது அல்லா குடுத்த புத்தி. வாளியைக் கண்டு பயந்தா அது சைத்தான் குடுத்த சீக்கு. மேலே ஒருத்தன் இருக்கான்னு நம்பு. நானும் கூட வர்றேன், எடு வண்டியை."

ஈர சீட்டென்றும் பாராமல் ஏறி உட்கார்ந்தார். பூருலும் ஏறினாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

சாகின்பெக்குக்கு முகம் வெளுத்தது. மறுபடி தெருக்கோடியைப் பார்த்தான். யாரும் வரவில்லை. சாவியைத் திருகினான்.

கலிப்பா மீண்டும் காலி வாளியோடு காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று பூருல் கத்தினாள்.

கலிப்பா வாளியை டொங்கென்று கீழே வைத்துவிட்டுச் சாகின்பெக்கைப் பார்த்தாள்.

"மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிபண்ற வரைக்கும் குறுக்கே போயிட்டே இருன்னீங்க, எனக்குக் காலே விட்டுப்போச்சு... பேசாம மீசையை எடுத்துடுங்கண்ணே!"