மாடிப்படிக்குக் கீழே ஓர் அரவை நிலையம்

மனைவியின் முழங்கால்கள் இரண்டும் ஒரே மாதத்தில் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், தன் வீட்டில் கழிப்பறை மாடியில் இருக்கிறது என்பதைப் பிழை சார் கவனித்தார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் அவர். கடைப் பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அதனால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. பதினான்கு படிகள். அந்த அம்மாள் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் கணவரைத் திட்டியபடி ஏறுவார். இறங்கும்போது மூச்சு வாங்குவதால் திட்டு பாதியாகக் குறையும்.

கீழே ஒன்று கட்டலாமென்றால், வீட்டுத் தரை தெருக் கழிவுநீர்க் குழாயைவிடத் தாழ்வு. ப்ளம்பர் வந்து, தலையைச் சொறிந்து, ஒரு பம்பைப் பற்றிச் சொன்னார்.

"நல்லது என்னன்னா, தரையை உடைக்க வேண்டாம் சார். மாடிப்படிக்குக் கீழயே வெச்சிடலாம். உள்ள ஒரு கத்தி இருக்கு. எல்லாத்தையும் கூழா அரைச்சு, ரெண்டு விரல் தடிமன் குழாயில மேல ஏத்தித் தள்ளிடும்."

"கெட்டது?"

"கரண்டு போனா அதுவும் நிக்கும். சத்தம் போடும். முடி, நூல், பஞ்சு எதுவும் விழக் கூடாது. விழுந்தா என்னைக் கூப்பிடணும்."

"கூப்பிட்டா வந்துடுவியா?"

"அதையும் கெட்டதுலயே சேர்த்துக்குங்க சார்."

அம்மாள் உள்ளேயிருந்து தீர்ப்புச் சொன்னார். "சத்தம்தானே? இந்த வீட்டுல நான் போடாத சத்தமா? வைங்க."

தெருக் குழாயில் இணைக்க நகராட்சி அனுமதி வேண்டும். படிவத்தில் 'இயந்திரத்தின் பெயர்' என்று ஒரு கட்டம். வேறு யாராவது என்றால் பம்புக் கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருப்பார்கள். பிழை சார் அரை மணி நேரம் யோசித்து, 'கழிவரைப்பான்' என்று அழகாக எழுதினார். அடுத்த கட்டம், 'இயந்திரத்தின் பணி'. அதில் 'அரைத்தல்' என்று எழுதி, ஒற்றுப்பிழை இல்லை என்று திருப்தியடைந்தார்.

வடிகால் பிரிவில் இருந்த எழுத்தர் அம்மா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது எங்க பிரிவு இல்ல சார். ஓடுறது மட்டும்தான் எங்களோடது. அரைக்கிறது மூணாவது மாடி."

"அரைச்ச பிறகு ஓடத்தானேம்மா செய்யுது?"

"அரைச்சு முடிச்சதும் வாங்க."

மூன்றாவது மாடியில் அரவை நிலையங்கள் பிரிவு. அங்கே இருந்தவர் தங்கமான மனிதர். எட்டு மாதமாக ஒருவரும் விண்ணப்பம் கொண்டுவராததால் எழுந்து நின்று வரவேற்றார்.

"கழிவுன்னா, தவிடு மாதிரியா?"

"கொஞ்சம் வேற."

"வேறன்னு கட்டம் இல்லியே. தவிடுன்னே போட்டுக்கறேன்."

நான்கே நாளில் உரிமம் வந்தது. நகராட்சி வரலாற்றில் அப்படி ஒரு வேகம் இருந்ததில்லை என்று பியூனே சொன்னார். நிபந்தனைகள் மூன்று மட்டுமே. வாசலில் பலகை, எடை போடத் தராசு, வேலை நேரம். வேலை நேரத்தைப் பற்றி அம்மாளிடம் கேட்டபோது, "அதை நானா முடிவு பண்றேன்?" என்றார். பிழை சார் 'இருபத்து நான்கு மணி நேரமும்' என்று எழுதினார்.

உரிமத்தைக் காட்டியதும் வடிகால் பிரிவும் இணைப்பு கொடுத்தது. பீங்கானோடு பம்பு வந்தது, மாட்டியாயிற்று, வேலையும் செய்தது. ஒரு வாரம் வீட்டில் திட்டே விழவில்லை. பிறகு சுகாதார ஆய்வாளர் வந்தார்.

"மூலப்பொருள் எங்கிருந்து வருது?"

"வீட்லயே உற்பத்தி."

"கலப்படம் உண்டா?"

"வாய்ப்பே இல்லைங்க."

மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். சங்கிலியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "முப்பது மில் பார்த்திருக்கேன். இவ்வளவு வெள்ளையா, மூடி போட்டு, ஒவ்வொரு தரமும் தண்ணி விட்டுக் கழுவற மில்லை நான் பார்த்ததே இல்ல" என்று முதல்தரச் சான்றிதழ் எழுதி, அதை வாசலில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

வினை அதில்தான் வந்தது. மறுநாள் காலை ஏழு பேர் கோதுமை டப்பாவோடு நின்றார்கள்.

"அரைக்க முடியாதுங்க. அது கழிப்பறை" என்றார் பிழை சார்.

"சர்டிபிகேட்டுல அப்படிப் போடலியே?"

"உள்ள வந்து பாருங்களேன்."

"நாங்க எதுக்குப் பார்க்கணும்? அதுக்குத்தானே ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கறாங்க? எங்க கோதுமைன்னா உங்களுக்கு மட்டமாப் போச்சா?"

தெருவே கூடி ஒரு புகார் மனு எழுதியது. எழுதியதை அவரிடமே கொண்டுவந்து பிழை பார்த்துத் தரச் சொன்னது. 'இருமாப்பு' என்பதை 'இறுமாப்பு' என்று திருத்திக் கொடுத்தார். மனு வெகு தெளிவாக அமைந்துவிட்டதால் பத்தே நாளில் உத்தரவு வந்தது. உரிமம் பெற்ற நிலையம் பொதுமக்களுக்கு அரைத்துத் தர மறுக்கலாகாது.

ஆணையரையே போய்ப் பார்த்தார் பிழை சார்.

"ஐயா, அது கழிப்பறை."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரிஞ்சது என் மனசுல இருக்கு. கோப்புல இருக்கறது அரவை நிலையம். நான் மனசைப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது. வேணும்னா உரிமத்தை ரத்து பண்ணிடலாம். ஆனா அன்னிக்கே பம்புக்குச் சீல் வைக்கணும். வீட்ல அம்மா படி ஏறிடுவாங்களா?"

பிழை சார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"அவங்களுக்கு என்ன வேணும்? மாவுதானே? முன்வாசல்ல வாங்குங்க. கொல்லை வழியாப் பின்தெரு மில்லுல கொடுத்து அரைச்சுக்கிட்டு வாங்க. இனிமே அந்தப் பதினாலு படி என்னால ஆகாது."

அன்றிலிருந்து மெய்ப்புப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பிழை சார் தலையில் டப்பா. அம்மாள் அவ்வப்போது உள்ளே போய் வந்ததால் சத்தத்துக்கும் குறைவில்லை. வாசலில் நின்றவர்கள் தங்கள் கோதுமைதான் அரைபடுகிறது என்று மகிழ்ந்தார்கள். மாவைத் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்தார்கள். "பின்தெருக்காரனும் அரைக்கிறானே, கல்லும் மண்ணுமா! இதோட வாசனையே தனி." பக்கத்துத் தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். விருந்தாளி வந்தால் 'சான்றிதழ் மாவு' என்று சொல்லிப் பரிமாறுவது நாகரிகம் ஆயிற்று.

புகழ் நகராட்சியை எட்டியது. பிழை சாரின் மாடிப்படி 'மாதிரி அரவை நிலையம்' என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பொறியாளர் வந்து அளவெடுத்து, படம் வரைந்து, சுற்றறிக்கை அனுப்பினார். ஊரிலுள்ள மில்கள் யாவும் ஒரு மாதத்துக்குள் இதே வடிவத்துக்கு மாற வேண்டும். பீங்கான் வெள்ளை நிறமாக இருத்தல் அவசியம்.

மாதம் முடிந்த மறுநாள் பிழை சார் டப்பாவோடு பின்தெருவுக்குப் போனார். மில்லின் பழைய தகரப் புனலைக் காணோம். அது இருந்த இடத்தில், அரவைக் கல்லுக்கு மேலே, பளபளவென்று ஒரு புதுப் பீங்கான். மூடி, தண்ணீர்த் தொட்டி, இழுக்கிற சங்கிலி எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. வரிசை முக்கு வரை நின்றது. இவ்வளவு நாளும் துருப்பிடித்த தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தோமே என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள்.

மில்காரர் அவரைப் பார்த்ததும் மூடியை மரியாதையாகத் திறந்துவிட்டார். பிழை சார் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர், "சீக்கிரம் கொட்டுங்க சார், வேலை இருக்கு" என்றார். கொட்டினார்.

"தண்ணி விடணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சேச்சே," என்றார் மில்காரர். "அது ஆய்வாளர் வர்ற அன்னிக்கு மட்டும்."