இன்ஜின் நின்றதற்கு நீதான் பொறுப்பு

சேசு மரி சூசை

திருத்துறைப்பூண்டி அருகில்,
நவம்பர் 25, செவ்வாய், மதியம்

அன்பு மகன் ஜெரால்டுக்கு, அப்பா அடைக்கலசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். மாடு சுகம். சுகமில்லாதது நம் பன்னிரண்டு மா நிலத்துச் சம்பாப் பயிர் ஒன்றுதான். அதற்குக் காரணம் நீ. எந்தக் கடலில் எந்த இன்ஜின் ரூமில் நிற்கிறாயோ, அங்கேயே உட்கார்ந்து இதைப் படி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே பேப்பரில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வைரக்கண்ணு மகள் மதிவதனி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

போன லீவில் வந்தபோது வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் நம் டீசல் இன்ஜின் இருமுவதைப் பார்த்து என்ன சொன்னாய்? "டீசல்ல தண்ணி கலந்திருக்குப்பா, கப்பல்ல எண்ணெயை நேரா இன்ஜினுக்கு விடவே மாட்டோம்" என்று சொல்லி, கொல்லைக் கொட்டகையில் ஐந்து டிரம்மை வைத்தாய். வாங்கி வந்ததை ஊற்றி வைக்க ஸ்டோரேஜ் டேங்க். அதிலிருந்து ஏற்றி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க செட்லிங் டேங்க். தண்ணீரும் அழுக்கும் அடியில் தங்கும், கீழே டேப்பைத் திறந்து இறக்கிவிட வேண்டும். தெளிந்தது மட்டும் மேடை மேல் இருக்கும் சர்வீஸ் டேங்குக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்கு. அளவு தப்பி ஊற்றினால் வழிவதைப் பிடிக்க ஓவர்ஃப்ளோ டேங்க். இறக்கிய கசடுக்கு ஸ்லட்ஜ் டேங்க்; வாய்க்காலில் கொட்டாதே, கடலில் கொட்டினால் ஜெயில் என்று என்னை வேறு மிரட்டினாய். இதுவும் போதாதென்று, தீப்பிடித்தால் கொட்டகைக்குள் ஓடக்கூடாது என்று சர்வீஸ் டேங்க் வால்வின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி, கப்பி வழியாகப் பின்தாழ்வாரம் வரை கொண்டுவந்து ஆணியில் முடிந்தாய். "இதுதாம்பா குவிக் க்ளோசிங் வால்வு. வெளிய நின்னு ஒரு இழு, டீசல் கட்டு, இன்ஜின் கப்சிப்." நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

நீ போன மறுவாரமே சனி பிடித்தது. செட்லிங் டேங்க் அசையக்கூடாதே என்று நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், வைரக்கண்ணு வந்து "என்னண்ணே, அடைகாக்குறீங்களா?" என்கிறான். அவனோடு பேசிக்கொண்டே ஊற்றியதில் டீசல் வழிந்தது. வழிந்தால் வழியட்டும், எங்களுக்கு ஓவர்ஃப்ளோ இருக்கிறது என்று மார்தட்டிவிட்டு எட்டிப் பார்த்தால், உள்ளே விதை உளுந்து டீசலில் ஊறுகிறது! உன் அம்மா பாத்திமா மேரியின் கைவண்ணம். கேட்டால் "சும்மா கெடக்குதேன்னு கொட்டி வச்சேன்" என்கிறாள். வழியும் வரைக்கும் சும்மா இருப்பதுதாண்டி அதன் வேலை என்று விளக்கினேன். "அப்ப ஒங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க. அஞ்சு டாங்கி இருக்கே, ஒண்ணுலயாவது குடிக்கத் தண்ணி உண்டா?"

அதெல்லாம் போகட்டும். வெள்ளிக்கிழமை பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. நாற்பது நாள் பயிர், நுனிகூடத் தெரியாமல் முழுகிக் கிடக்கிறது. வடிவாய்க்கால் இன்று காலையில்தான் கொஞ்சம் இறங்கியது. இன்று சாயங்காலத்துக்குள் வயல் தண்ணீரை இறைத்துத் தள்ளாவிட்டால் பயிர் அழுகிவிடும், பிறகு இந்த வருஷம் வைக்கோல்கூட மிஞ்சாது. ஏழு மணிக்கு இன்ஜினை எடுத்தேன். என்னமாய் ஓடியது தெரியுமா! உன்னை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. உன் அம்மா அடை மழையிலும் துவைக்கிறேன் பேர்வழி என்று சோப்பு நுரையும் வாளியுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். எட்டரைக்கு இன்ஜின் நின்றுவிட்டது.

நீ சொன்னபடி முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று செட்லிங் டேங்கை இறக்கினேன். நல்ல டீசல்தான் வந்தது. இன்னும் இறக்கினேன். மொத்தமும் கசடு டிரம்முக்குப் போனதுதான் மிச்சம். ஃபில்டரை மாற்றினேன், குழாயை வாயால் ஊதினேன், வாயெல்லாம் டீசல். சர்வீஸ் டேங்க் ததும்பத் ததும்ப இருக்கிறது, ஒரு சொட்டு கீழே வரமாட்டேன் என்கிறது! மெக்கானிக்குக் கூப்பிட்டால் "ரோட்டுல இடுப்பளவு தண்ணி சார், நாளைக்குப் பாப்போம்" என்கிறான். வைரக்கண்ணு ஒரே ஒரு பிளாஸ்டிக் கேனை இன்ஜின் தலையில் கட்டிவைத்து அவன் வயலை இறைத்துக்கொண்டிருக்கிறான். "எனக்கு முடிஞ்சதும் தர்றேண்ணே, ஆனா அதுக்குள்ள பொழுது போயிடும்" என்றான். வரப்பில் நின்று பயிரைப் பார்த்தேன். அழுதுவிட்டேன்டா.

ஆகவே கப்பலில் சொல்லிவிட்டு அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்துவிடு. ஐந்து டிரம்முக்கே இந்த லட்சணம் என்றால், அவ்வளவு பெரிய கப்பலின் டேங்குகளை உன்னை நம்பி ஒப்படைத்தவர்களை என்ன சொல்வது! வேளாங்கண்ணி மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அந்தக் கப்பலை உன்னிடமிருந்து காப்பாற்றட்டும். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு என் அனுதாபங்களைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வயிறெரியும் அப்பா,
அடைக்கலசாமி

பின்குறிப்பு: இப்போது மணி ஐந்து. இரண்டு மணிக்குப் படம் பிடிக்க வந்த மதிவதனி பின்தாழ்வாரத்திலிருந்து அலறினாள்: "பெரியப்பா! ஜெரால்டு அண்ணன் வந்துட்டாங்களா? இங்க யாரோ தொங்குறாங்க!" ஓடிப்போய்ப் பார்த்தால், நீ விட்டுப்போன நீலக் கப்பல் உடுப்பு, கையும் காலுமாக, சொட்டச் சொட்ட அந்தக் கயிற்றில் தொங்குகிறது. கயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொய்ந்திருக்கிறது. கொட்டகைக்கு ஓடி, மழைக்காக வால்வில் சுற்றிய சாக்குக்குள் கைவிட்டால், கைப்பிடி மூடிக் கிடக்கிறது. திறந்தேன், குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தேன், இன்ஜினை இரண்டு சுற்று சுற்றினேன். கிளம்பிவிட்டது! இப்போது மேலண்டை வயலில் பயிர் நுனி தெரிகிறது. பிழைத்துவிடும்.

நீ இறங்க வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். யாரும் போடாத உடுப்பை எதுக்குடி மழையில் துவைத்தாய் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். "மாசாமாசம் துவைக்கிறதுதான். பூசணம் பூத்துடும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது அங்கேதான் அதைக் காயப்போட்டிருக்கிறாள். லீவு எப்போது என்று எழுது. இன்ஜின் நின்றதற்கு நீதான் பொறுப்பு என்பதை மட்டும் நான் அடிக்கவில்லை.